மாறியதா, மாற்றியதா, கை மாறியதா?

பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்த தமிழருக்கு அந்த ஊர்ப் பேச்சு ஆறு மாதத்தில் பழகிவிடுகிறது. காய்கறிக்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் இந்தியிலோ, மராத்தியிலோ, கன்னடத்திலோ பேசிச் சமாளித்துவிடுகிறார். மனு எழுத வேண்டும் என்று வரும்போதுதான் ஆங்கிலத்தின் உதவி தேவைப்படுகிறது. மனுவில் சிறு இலக்கணப் பிழை இருந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால், வினைச்சொல் தவறிவிட்டால் மனு வேறு மேஜைக்குப் போய்விடும். அங்கிருந்து அது திரும்பி வருவதற்குள் மூன்று முறை அரை நாள் லீவு போட வேண்டியிருக்கும்.

நம்மவர்கள் அதிகம் இடறும் இடம் 'மாற்று' என்ற சொல். வீட்டை மாற்றுகிறோம், வேலையை மாற்றுகிறோம், சில்லறை மாற்றுகிறோம், செக் மாற்றுகிறோம், வண்டியின் பேரை மாற்றுகிறோம். தமிழில் இத்தனைக்கும் ஒரே சொல் போதும். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் எல்லாவற்றுக்கும் 'சேஞ்ச்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் உண்டு.

தையற்கடையை நினைத்துக்கொண்டால் வேறுபாடு எளிதில் விளங்கும். சட்டையின் கை நீளத்தைக் குறைத்தால் அது 'ஆல்டர்'. சட்டை அதுவேதான், ஒரு பகுதி மட்டும் திருந்தியது. கிழிந்த சட்டையை எடுத்துவிட்டு அதன் இடத்தில் புதுச் சட்டை வைத்தால் 'ரீப்ளேஸ்'. வாங்கிய சட்டையைக் கொடுத்து வேறு அளவு வாங்கினால் 'எக்ஸ்சேஞ்ச்'. சட்டையை இந்த அலமாரியிலிருந்து அந்த அலமாரிக்குக் கொண்டுபோனால் 'ஷிப்ட்'. தம்பிக்கே உரிமையாகக் கொடுத்துவிட்டால் 'டிரான்ஸ்பர்'.

வண்டி விஷயத்தில்

இந்த வேறுபாடு சட்டத்திலும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டிக்காரர் வீடு மாறுவதற்கு 49-வது பிரிவு. வண்டியே வேறொருவருக்குச் சொந்தமாவதற்கு 50-வது பிரிவு. முதலாவது 'சேஞ்ச் ஆப் ரெசிடென்ஸ்'. இரண்டாவது 'டிரான்ஸ்பர் ஆப் ஓனர்ஷிப்'. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 33. உரிமை மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30. ஒரே ஊரில் வீடு மாறியவர் 'டிரான்ஸ்பர்' என்று எழுதி நீட்டினால், வண்டியை வாங்கியவர் எங்கே, அவர் கையெழுத்து எங்கே என்றுதான் கேட்பார்கள்.

தமிழ்நாட்டு நம்பர் வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுவந்து பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அது மூன்றாவது வகை. 47-வது பிரிவின்படி அந்த மாநிலத்தில் புதிய பதிவு எண் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இங்கே சொந்தக்காரர் மாறவில்லை. வண்டி இருக்கும் மாநிலமும் வண்டியின் எண்ணும்தான் மாறுகின்றன. எனவே இதற்கும் 'டிரான்ஸ்பர் ஆப் ஓனர்ஷிப்' பொருந்தாது.

ஓட்டும் பி.எப். பணமும்

வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 8, 2022 ஆகஸ்டு முதல் புதிய வடிவில் இருக்கிறது. குடியிருப்பு மாறியதற்கு 'ஷிப்டிங்', பெயரிலோ வயதிலோ உள்ள பிழைக்குக் 'கரெக்‌ஷன்', பழைய அடையாள அட்டைக்குப் பதில் வேறு அட்டைக்கு 'ரீப்ளேஸ்மென்ட்' எனச் சொற்கள் ஒரே தாளில் தனித்தனியாக இருக்கின்றன. எது நம் காரியம் என்று பார்த்துக் குறியிட வேண்டும். 'இந்த ஊருக்குப் புதிதாக வந்தவன்தானே' என்று நினைத்து, முதன்முறை வாக்காளருக்கான படிவம் 6-ஐ நிரப்பினால் பெயர் இரண்டு ஊர்களில் ஏறிவிடக்கூடும். ஒருவர் பெயர் ஒரு தொகுதிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம்.

கம்பெனி மாறும்போது பி.எப். கணக்குக்கு வருவோம். 'டிரான்ஸ்பர்' என்றால் பழைய கம்பெனியில் சேர்ந்த பணம் புதிய கணக்குக்குப் போகிறது, சர்வீசும் தொடர்கிறது. 'வித்ட்ராயல்' என்றால் பணத்தை வெளியே எடுத்துக்கொள்வது. பணம் எங்கும் போய்விடவில்லையே என்று இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. பி.எப். பென்ஷனுக்குப் பத்து ஆண்டு சர்வீஸ் வேண்டும். இங்கே நான்கு ஆண்டு, அங்கே ஐந்து ஆண்டு என்று வேலை பார்த்து, ஒவ்வொரு முறையும் பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிடுகிறவருக்கு அந்தப் பத்து ஆண்டு சேருவதே இல்லை.

செக்கை மாற்றுவதற்கு 'என்கேஷ்' என்று சொல்ல வேண்டும். 'ஆல்டர்' என்று சொன்னால் செக்கில் எழுதியதைத் திருத்துவது என்று ஆகிவிடும். செக் எழுதியவரின் சம்மதமில்லாமல் தொகை போன்ற முக்கியமான விவரத்தைத் திருத்தினால் அந்தச் செக் அவர்மீது செல்லாது என்கிறது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம்.

தமிழ் இலக்கணமே துணை

பள்ளியில் படித்த தன்வினையும் பிறவினையும் இங்கே கைகொடுக்கும். உயர்ந்தது, உயர்த்தினார், விழுந்தது, வீழ்த்தினார், மாறியது, மாற்றினார். தானாக நடந்ததா, ஒருவர் நடத்தியதா என்பதைத் தமிழ் வினையே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'மூவ்', 'சேஞ்ச்' ஆகியவை இரண்டுக்கும் பொதுவானவை. ஆனால், 'ரைஸ்' தன்வினை, 'ரெய்ஸ்' பிறவினை. விலை 'ரைஸ்' ஆகிறது. வீட்டுக்காரர் வாடகையை 'ரெய்ஸ்' செய்கிறார். வாடகை பற்றிப் புகார் எழுதும்போது 'த ரென்ட் ஹாஸ் ரிஸன்' என்றால் வாடகை ஏதோ தானாக ஏறியதுபோல் இருக்கும். 'த ஓனர் ஹாஸ் ரெய்ஸ்டு த ரென்ட்' என்றால்தான் ஏற்றியவர் யார் என்பது தெரியும். சம்பளத்துக்கும் இதே விதிதான்.

வருவது, போவது பற்றியும் ஒரு வார்த்தை. 'தா', 'வா' என்னும் வினைகள் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். ஆங்கிலத்தின் 'கம்', 'பிரிங்' ஆகியவையும் ஏறக்குறைய இப்படித்தான். கடிதம் பெறுபவரின் அலுவலகத்துக்குச் செல்வதானால் 'ஐ வில் கம் டு யுவர் ஆபீஸ்' என்று எழுதுவதுதான் சரி. அங்கே ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளைக் கொண்டுபோவதும் 'பிரிங்'தான், 'டேக்' அல்ல. தமிழில் 'உங்கள் ஆபீசுக்கு வருகிறேன், கொண்டு வருகிறேன்' என்று சொல்லிப் பார்த்தால் போதும். ஆனால், விடைபெறும்போது நாம் சொல்லும் 'போய்விட்டு வருகிறேன்' என்பதை மட்டும் மொழிபெயர்க்கக் கூடாது. 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று சொன்னால், மேலதிகாரி நாற்காலியைவிட்டு எழாமல் காத்திருப்பார்!

பயமுறுத்தும் ஒரு சொல்

'பதில் எழுதவும்' என்பதற்குப் 'பிளீஸ் ரிவர்ட்' என்று எழுதும் வழக்கம் நம் நாட்டு அலுவலகங்களில் பரவலாக இருக்கிறது. 'ரிவர்ட்' என்பதன் பழைய பொருள், முன்பிருந்த நிலைக்கே திரும்புவது. அரசு உத்தியோகத்தில் பதவி உயர்வு பெற்றவரைப் பழைய பதவிக்கே இறக்கினால் அதற்குப் பெயர் 'ரிவர்ஷன்'. பதில்தான் வேண்டுமென்றால் 'ரிப்ளை' என்று எழுதுவதே தெளிவு.

ஊருக்குப் புறப்படும் நாளில் ரயில் நிலையத்திலும் இந்தச் சொற்கள் காத்திருக்கும். 'ரீஷெட்யூல்டு' என்றால் ரயில் புறப்படும் நேரம் மாறுகிறது. 'டைவர்ட்டட்' என்றால் வேறு வழியாகப் போகிறது. நம் ஸ்டேஷன் அந்த வழியில் இல்லாமலும் போகலாம். 'ஷார்ட் டெர்மினேட்டட்' என்றால் கடைசி ஊர்வரை போகாமல் நடுவழியிலேயே நின்றுவிடுகிறது. மூன்றையும் 'லேட்' என்று எடுத்துக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்துவிடக் கூடாது.

மனு எழுத உட்காரும்போது தமிழிலேயே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். மாறியது இடமா, கையா, பொருளா? தானாக மாறியதா, ஒருவர் மாற்றியதா? போவது யாரை நோக்கி? இவற்றுக்கு விடை தெரிந்த பிறகு பேனாவை எடுத்தால் சரியான ஆங்கிலச் சொல் எது என்பதில் குழப்பம் இராது. அரை நாள் லீவும் மிச்சமாகும்.