கடைமடைக்கு நாலரை மணி நேரம்

மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால் மட்டும் போதாது. அது கடைமடைக்கு வந்து சேர வேண்டும். நடுவில் ஆகாயத்தாமரை திரண்டு மதகை அடைத்துக்கொண்டால், கல்லணையில் ஆறு நிரம்பி ஓடினாலும் இங்கே நாற்று காயும். தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலான பக்கவாதங்களில் மூளைக்குள் நடப்பதும் இதுதான். ரத்தக்கட்டி ஒன்று குழாயை அடைக்கிறது. அதற்குக் கீழே உள்ள பகுதி ஆக்சிஜன் இல்லாமல் காய்கிறது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது மருத்துவர்களின் கணக்கு.

சரி, அடைப்பை எடுக்கும்வரை அந்த வயலுக்கு வேறு வழியில் கொஞ்சம் ஈரம் காட்ட முடியாதா? இந்தக் கேள்வியிலிருந்துதான் செயற்கை ரத்தம் பற்றிய நம்பிக்கை பிறந்தது. சிவப்பணு நுழைய முடியாத இடுக்கிலும் அதைவிடப் பல மடங்கு சிறிய துகள் நுழைந்துவிடும். அந்தத் துகள் ஆக்சிஜனைச் சுமந்து போனால் மூளை சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். சிவப்பணுவிலிருந்து பிரித்தெடுத்த ஹீமோகுளோபினைப் பதப்படுத்திச் செய்வது ஒரு வகை. ஆக்சிஜனைக் கரைத்துவைக்கும் பெர்ஃபுளோரோகார்பன் என்ற பால் போன்ற திரவம் இன்னொரு வகை.

யோசனை நல்லதுதான். ஆனால் நெதர்லாந்தில் பக்கவாதம் வந்த 85 பேரிடம் இதைச் சோதித்து 1999-ல் முடிவை வெளியிட்டபோது, ஹீமோகுளோபின் திரவம் ஏற்றப்பட்டவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது. சிவப்பணுவுக்குள் இருக்கும்வரை ஹீமோகுளோபின் சாது. வெளியே வந்துவிட்டால், ரத்தக்குழாயைத் தளர்த்திவைக்கும் நைட்ரிக் ஆக்சைடை அது உறிஞ்சிவிடுகிறது, குழாய் சுருங்குகிறது. தண்ணீர் கொண்டுவர வந்தவனே வாய்க்கால் கரையைச் சரித்த கதை. விபத்து, அறுவை சிகிச்சை என்று பல நிலைகளில் நடந்த 16 சோதனைகளை, 3,711 நோயாளிகளின் விவரங்களோடு, 2008-ல் சேர்த்துப் பார்த்தார்கள். இந்த வகைத் திரவங்களைப் பெற்றவர்களிடம் மரண அபாயம் 30 சதவீதம் கூடியிருந்தது. மாரடைப்பு அபாயம் இரண்டரை மடங்கைத் தாண்டியிருந்தது. ஜப்பானின் நாரா மருத்துவப் பல்கலைக்கழகம் ஹீமோகுளோபினை ஒரு உறைக்குள் அடைத்துப் புதிய வகை ஒன்றை உருவாக்கிவருகிறது. அதுவும் இன்னும் சோதனையில்தான் இருக்கிறது.

எனவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இந்தியாவில் பக்கவாதத்துக்கென்று எந்தச் செயற்கை ரத்தத்துக்கும் அனுமதி இல்லை. இருப்பதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மூக்கில் வைக்கும் ஆக்சிஜன் பற்றியும் ஒரு வார்த்தை. "ஆக்சிஜன்கூட வைக்கவில்லை" என்று வார்டில் சண்டை போடுகிறோம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரியாக இருப்பவருக்கு அதை வைப்பதால் பலன் இல்லை என்று பிரிட்டனில் 8,003 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-ல் காட்டியது.

செயற்கை ரத்த ஆராய்ச்சி இங்கேயும் ஒரு நாள் வரலாம், வரட்டும். ஆனால் அமெரிக்காவில் 2004 முதல் 2006 வரை பாலிஹீம் என்ற செயற்கை ரத்தத்தை, மயங்கிக் கிடந்த விபத்து நோயாளிகளுக்கு அவர்களின் சம்மதம் இல்லாமலேயே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வேண்டாம் என்பவர் முன்கூட்டியே கையில் நீல வளையம் மாட்டிக்கொள்ள வேண்டுமாம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. நம் நாட்டில் 2019-ன் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனை விதிகளின்படி நோயாளியோ, அவரால் முடியாதபோது சட்டப்படி அவர் சார்பில் பேசக்கூடியவரோ எழுத்தில் சம்மதம் தர வேண்டும். கையெழுத்து வாங்கும் தாள் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். சோதனையால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் நடத்துபவர் பொறுப்பு.

இன்று கைவசம் இருக்கும் உண்மையான மருந்து, கட்டியைக் கரைக்கும் ஊசி. அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சிலருக்குக் குழாய் வழியாகக் கட்டியை வெளியே எடுக்கவும் முடியும். அதற்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஆனால் எதற்கும் முன்னால் சி.டி. ஸ்கேன். மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தால் அதே ஊசி உயிரைப் பறித்துவிடும்.

நம் ஊர்களில் அந்த நாலரை மணி நேரம் எங்கே போகிறது? நடவு வயலில் ஒருவருக்கு வாய் கோணி, பேச்சு குழறி, ஒரு கை தொங்கிப்போனால், தண்ணீர் தெளித்துப் படுக்கவைக்கிறோம். சோடா கொடுக்கிறோம், அது நுரையீரலுக்குள் போய்விடும். பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றுகிறோம். விரல் நுனியில் ஊசி குத்துகிறோம். புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்று புறா தேடிப் போகிறவர்களும் உண்டு. "விடியட்டும், பார்க்கலாம்" என்பதுதான் இவற்றில் மிகக் கொடியது. வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், ஆஸ்பிரின் மாத்திரை உட்பட. 108-ஐக் கூப்பிட்டு, "பக்கவாதம், ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்" என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள்.

இடமில்லை என்று திருப்பி அனுப்பினால்? மேற்கு வங்கத்தில் 1992-ல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. அவருடைய சங்கம் வழக்குத் தொடுத்தது. அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது வாழ்வுரிமையை மீறுவது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 25,000 ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. உயிரைக் காக்கும் கடமை தனியார் மருத்துவருக்கும் உண்டு என்று 1989-லேயே அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புகாருக்கு 104, இலவசச் சட்ட உதவிக்கு 15100. மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கேட்டு வாங்கி வையுங்கள். காசு வாங்கிச் சிகிச்சை தந்த இடத்தில் குறை இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்று விசாரித்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.