பியர்டட் டிராகன் குஞ்சு வளர்க்கிறீர்களா? குளியலும் குடிநீரும் கொடுக்கும் சரியான முறை

நாய், பூனை, கிளி என்ற வரிசையில் இப்போது சிலர் வீட்டில் பியர்டட் டிராகன் எனப்படும் தாடி ஓணானும் இடம் பிடித்திருக்கிறது. குஞ்சு வாங்கியவர்களுக்குப் பலரும் சொல்லும் அறிவுரை, "தினமும் தண்ணீரில் உட்கார வையுங்கள், தோல் வழியாக உறிஞ்சிக்கொள்ளும்" என்பதுதான். இது சரியல்ல. குஞ்சின் உடலுக்குத் தண்ணீர் முக்கியமாக வாய் வழியாகத்தான் சேர்கிறது. குளியல் அதைக் குடிக்கத் தூண்டும் ஒரு வழி மட்டுமே. இது தெரியாமல் சோர்ந்த குஞ்சைத் திரும்பத் திரும்ப நனைத்தால், உடல் குளிர்ந்து நிலைமை மோசமாகும்.

குஞ்சுகளுக்கு ஏன் ஆபத்து அதிகம்?

தாடி ஓணானின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலப் பகுதி. உடலில் உள்ள நீர் வெளியேறாதபடி தடித்த செதில் தோல் காக்கிறது. அதே தோல் வெளியிலிருக்கும் தண்ணீரையும் எளிதில் உள்ளே விடாது. சிறுநீரைக்கூட வெள்ளைக் களிம்பு போலக் கெட்டியாக வெளியேற்றித் தண்ணீரை மிச்சப்படுத்தும்.

வளர்ந்த ஓணான் சில நாட்கள் தாக்குப்பிடிக்கும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சின் எடையோ 2 முதல் 3 கிராம், நீளம் சுமார் 10 செ.மீ. மட்டுமே. பகல் முழுவதும் வெப்ப விளக்கின் அருகில் இருப்பதால் உடலின் ஈரம் வேகமாகக் குறையும். நீர்ச்சத்து குறைந்தால் செரிமானம் தடைபட்டு மலச்சிக்கல் வரும். இது நீண்ட நாள் தொடர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

நீர்ச்சத்துக் குறைவை எப்படிக் கண்டுபிடிப்பது?

* எச்சத்தில் உள்ள வெள்ளைப் பகுதி மென்மையாக இருக்க வேண்டும். மஞ்சளாகவோ, சுண்ணாம்புக்கட்டி போல உலர்ந்தோ இருந்தால் தண்ணீர் போதவில்லை.
* விலாப் பகுதித் தோலை மெதுவாகக் கிள்ளி விட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மடிப்பு அப்படியே நின்றால் கவனம் தேவை.
* கண்கள் குழி விழுவது, எச்சில் நூல் போல இழுபடுவது, விளக்கு எரியும்போதும் சோர்ந்து படுத்திருப்பது ஆகியவை முற்றிய நிலையின் அறிகுறிகள்.

நகை எடைபோடும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை எடையைக் குறித்து வையுங்கள். வளரும் குஞ்சின் எடை கூடிக்கொண்டே இருக்க வேண்டும்.

வாய் வழியே தண்ணீர் கொடுப்பது எப்படி?

கிண்ணத்தில் அசையாமல் இருக்கும் தண்ணீரைப் பல குஞ்சுகள் கண்டுகொள்வதில்லை. சொட்டும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். எனவே காலையில் விளக்கின் அடியில் உடல் சூடேறிய பிறகு, சொட்டு மருந்துக் குழாயால் மூக்கின் நுனியில் ஒரு துளி விடுங்கள். நாக்கை நீட்டி நக்கினால் அடுத்த துளி. முகத்தைத் திருப்பிக்கொண்டால் நிறுத்திவிடுங்கள். வாயைத் திறந்து ஊற்றக் கூடாது. தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும்.

தீவனமும் ஒரு நீர் ஆதாரம். பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை, துருவிய பரங்கிக்காய் ஆகியவற்றின் மீது லேசாகத் தண்ணீர் தெளித்துத் தினமும் வையுங்கள். குஞ்சுக்குக் கொடுக்கப்போகும் கிரிக்கெட் பூச்சிகளுக்கு முதல் நாளே ஈரப்பதமுள்ள காய்கறிகளைத் தின்னக் கொடுத்தால், அந்த ஈரமும் குஞ்சுக்குப் போய்ச் சேரும். வெள்ளரிக்காயை மட்டும் அள்ளிக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரலாம்.

குளிப்பாட்டும் முறை

வாரம் 2 அல்லது 3 முறை போதும். காலை அல்லது முற்பகல்தான் ஏற்ற நேரம். மாலையில் குளிப்பாட்டினால் உடல் சூடேறுவதற்குள் விளக்கை அணைக்கும் நேரம் வந்துவிடும்.

1. குளியலுக்கென்றே தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்துக்கொள்ளுங்கள். வழுக்காமலிருக்க அடியில் சிறு துணி விரியுங்கள்.
2. தண்ணீர் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கட்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் மணிக்கட்டின் உட்புறத்தில் ஊற்றிப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. சூடு என்று தோன்றினால் ஆறவிடுங்கள்.
3. ஆழம் 1 முதல் 2 செ.மீ. போதும். நிற்கும்போது முன்னங்கால் மூட்டுக்கு மேலே தண்ணீர் ஏறக் கூடாது, தலை எப்போதும் வெளியே இருக்க வேண்டும்.
4. சோப்பு, ஷாம்பு எதுவும் வேண்டாம்.
5. 10 நிமிடம் போதும். குளியலின்போதே தலையில் சில துளிகள் விட்டால் நக்கிக் குடிக்கும். ஒரு நொடிகூடத் தனியே விட்டு நகராதீர்கள்.
6. தண்ணீரிலேயே எச்சமிட்டால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள், அதைக் குடித்துவிடக் கூடாது.
7. மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்து, நேராக வெப்ப விளக்கின் அடியில் விடுங்கள்.

குஞ்சு தாடியைக் கறுப்பாக்கிக்கொண்டு தப்பிக்கத் துடித்தால் வற்புறுத்த வேண்டாம். அன்று துளி விடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கூண்டின் வெப்பமும் ஈரப்பதமும்

வெயில் காயும் இடம் சுமார் 40 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் என இரண்டும் கூண்டுக்குள் இருக்க வேண்டும். குஞ்சு ஒதுங்கிக்கொள்ளக் குளிர்ந்த பக்கம் இல்லையென்றால், எவ்வளவு தண்ணீர் கொடுத்தாலும் உடல் வறளும்.

தாடி ஓணானுக்கு ஏற்ற காற்றின் ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது இயல்பாகவே அதிகம். அங்கே கூண்டு முழுவதும் தண்ணீர் தெளித்தால் சுவாசத் தொற்று வரலாம். மூக்கு நுனியில் துளி விடும் முறையே அங்கு பாதுகாப்பானது. குளிர்சாதன அறையில் வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு. அங்கே காற்று உலர்ந்தும் குளிர்ந்தும் இருக்கும் என்பதால், கூண்டின் வெப்பநிலையை அடிக்கடி சரிபாருங்கள்.

தோல் உரியும்போது

குஞ்சுகள் வேகமாக வளர்வதால் அடிக்கடி தோல் உரிக்கும். அப்போது குளியல் தோலை இளக்கிக் கொடுக்கும். விரல்களிலும் வால் நுனியிலும் பழைய தோல் வளையம் போல இறுகி நின்றால், இரத்த ஓட்டம் தடைபட்டு அந்தப் பகுதியே உதிர்ந்துவிடலாம். குளித்த பின் அந்த இடங்களைப் பாருங்கள். கையால் பிய்க்காதீர்கள். மறுநாளும் ஊறவைத்தால் தானே கழன்று வரும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

கண் குழி விழுந்திருந்தால், குஞ்சு 2 நாட்களாகச் சாப்பிடாமல் இருந்தால், எடை குறைந்துகொண்டே போனால் குளியலை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அந்த நிலையில் கால்நடை மருத்துவர் ஊசி மூலம் திரவம் செலுத்த வேண்டியிருக்கும். மனிதர்களுக்கான உப்பு சர்க்கரைக் கரைசலை நீங்களாகக் கொடுக்காதீர்கள். எல்லா மருத்துவமனைகளிலும் ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை இருக்காது. குஞ்சு வாங்கும்போதே அருகில் எங்கு பார்க்கிறார்கள் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கேட்டுப் பார்க்கலாம்.

உங்கள் பாதுகாப்பு

நலமாக இருக்கும் ஓணானின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குளியல் டப்பாவைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். அந்தத் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் கர்ப்பிணிகளும் குஞ்சைக் கையாளாமல் இருப்பது நல்லது.

இனி தினமும் காலையில் விளக்கைப் போட்டு, குஞ்சு சூடேறியதும் சில துளிகள் கொடுத்து, முந்தைய நாள் எச்சத்தின் வெள்ளைப் பகுதியை ஒருமுறை பாருங்கள். இதற்கு 5 நிமிடம்கூட ஆகாது. தண்ணீர் போதுமா, போதாதா என்பதை அதுவே உங்களுக்குச் சொல்லிவிடும்.