கரிய படியும் வெள்ளைப் படியும்
(மேசையை விட்டு நீங்கி எழுதுவோர்க்கு வேண்டிய கருவிகள்)

சட்டமன்றத்தில் மசோதா கொணரப்பட்டது என்று செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கிறோம். மசோதா என்னும் சொல், அரபு மொழியின் 'முசவ்வதா' என்பதிலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்ததாகும். 'கறுப்பாக்கப்பட்டது' என்பது அதன் நேர்ப்பொருள். எழுதியும், அடித்தும், வரிகளுக்கிடையே செருகியும் நூலாசிரியர் தாளைக் கறுப்பாக்கி வைத்த முதற்படியை அரபு நூலோர் முசவ்வதா என்றனர். அதனைப் பார்த்து அடித்தல் திருத்தல் இன்றிச் செவ்வையாக எழுதப்பெற்ற படியை 'முபய்யளா', அதாவது வெண்மையாக்கப்பட்டது என்றனர். எழுத்துப்பணியை இவ்வாறு இரண்டாகப் பகுத்துக் கண்டது நுட்பமான பார்வை. இரண்டிற்கும் வேண்டிய இடமும் வேறு, கருவியும் வேறு. வெள்ளைப் படிக்கு மேசை வேண்டும், அகராதி வேண்டும், மேற்கோள் நூல்கள் கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். கரிய படிக்கு இவை எவையும் வேண்டா. சில வேளைகளில் அவை இடையூறும் ஆகும்.

இதற்கு இப்னு கல்தூனைக் காட்டிலும் தக்க சான்று காண்பது அரிது. அரசியற் சூழல்களால் அலைப்புண்ட அவர், இன்றைய அல்ஜீரிய நாட்டில் உள்ள கல்அத் இப்னு சலாமா என்னும் கோட்டையில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஒதுங்கி வாழ்ந்தார். நூலகமோ ஆவணக் களரியோ அங்கில்லை. எனினும் உலகம் போற்றும் 'முகத்திமா'வின் முதல் வரைவை 1377ஆம் ஆண்டில் ஐந்தே திங்களில் அங்குதான் எழுதி முடித்தார். பின்னர், நகரங்களிலன்றிக் கிடைக்காத நூல்களை ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்பதும் ஒரு காரணமாக, 1378இல் தூனிசுக்குத் திரும்பினார். நூல்கள் இல்லாத இடத்தில் கரிய படி. நூல்கள் உள்ள இடத்தில் திருத்தம். இந்த வரிசையைப் பலர் தலைகீழாக்கிக் கொள்கின்றனர். எல்லா வசதியும் கூடிய பின்னரே முதல் வரியை எழுதுவோம் என்று காத்திருக்கின்றனர்.

இதனை இம்மலரில் எடுத்துரைக்கக் காரணம் உண்டு. தமிழ் பயிலும் மாணவர் கள ஆய்வுக்கெனக் கடற்கரை ஊர்களுக்கும் உட்கிராமங்களுக்கும் செல்கின்றனர். முதியோர் வாயிலாகத் தாலாட்டையும் பழமொழியையும் படகுத் தொழிலுக்கே உரிய சொற்களையும் கேட்கின்றனர். 'ஒலிப்பதிவு இருக்கிறதே, விடுதிக்குத் திரும்பிக் கணிப்பொறியின்முன் அமர்ந்து எழுதிக்கொள்வோம்' என்று எண்ணுகின்றனர். ஒரு மணி நேர ஒலிப்பதிவைக் கேட்டு எழுதப் பல மணி நேரம் ஆகும் என்பது பின்னர்தான் தெரிகிறது. சொன்னவர் கையசைத்துக் காட்டிய அளவும், 'இது' என்று சுட்டிய பொருளும் ஒலிப்பதிவில் இரா. மறுமுறை சென்று கேட்கலாம் என்றால், எண்பது வயது கடந்த அந்தப் பெரியவர் அப்போது இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே, இருந்த இடத்திலேயே கரிய படியை எழுதிவிடும் ஏற்பாடு ஒவ்வொருவர் தோட்பையிலும் இருத்தல் வேண்டும் என்கிறோம்.

நம் முன்னோர்க்கு இது புதிதன்று. ஓலையில் எழுதுவதற்கு மேசையே தேவைப்படவில்லை. இடக்கையில் ஓலையைப் பிடித்து, அக்கையின் கட்டைவிரலையே எழுத்தாணிக்குத் தாங்கலாக்கி, ஓலையைச் சிறிது சிறிதாக நகர்த்தி எழுதினர். எழுத்தாணிகளிலும் வகை உண்டு. எழுதப் பழகுவோர்க்குக் குண்டெழுத்தாணி, கைதேர்ந்தவர்க்குக் கூரெழுத்தாணி, வெளியூர் செல்வோர்க்கு மடக்கெழுத்தாணி. இம்மடக்கெழுத்தாணியின் ஒரு முனையில் ஓலை வாரும் சிறு கத்தியும் அமைந்திருக்கும். இரண்டையும் மடக்கி இடுப்பில் செருகிக்கொள்ளலாம். எழுதுகோலும் தாளைச் சீராக்கும் கருவியும் ஒன்றாகவே அடங்கிய இதனைவிடச் சிக்கனமான பயண ஏற்பாடு பின்னாளில் வந்ததா என்பது ஐயமே. இன்னொன்றும் நோக்கத்தக்கது. கீறும்போது ஓலையில் எழுத்து மங்கலாகவே தெரியும். மை தடவிய பின்னர்தான் துலங்கும். அந்த வேலையை வீட்டிற்கு வந்து செய்துகொள்ளலாம். மையைச் சுமந்து திரியும் தொல்லை அவர்களுக்கு இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதிச் சென்றதை உ.வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ளார். புலவரின் நாவும் மாணவரின் எழுத்தாணியும் ஒருங்கு செல்வதற்கு மேசை நாற்காலி எதற்கு?

மையைச் சுமந்தே ஆக வேண்டியிருந்தவர்கள் அதற்கும் வழி கண்டனர். உதுமானியப் பேரரசின் எழுத்தர்கள் 'திவித்' என்னும் கருவியை இடைக்கச்சையில் செருகிச் சென்றனர். நாணற் பேனாக்களை இடும் நீண்ட உலோகக் கூடும், அதன் பக்கவாட்டில் ஒட்டிய மைக்கூடும் சேர்ந்ததே அது. மைக்கூட்டினுள் பட்டு நூற்பஞ்சை அடைத்து வைப்பர். மை அப்பஞ்சில் ஊறி நிற்கும். நடையில் குலுங்கினாலும் சிந்தாது. பேனாவும் அளவுக்கு மிஞ்சி மையை முகவாது. பஞ்சுதானே என்று நாம் எண்ணலாம். ஆனால் பயணக் கருவியின் சிறப்பெல்லாம் இத்தகைய சிறு ஏற்பாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலப் ஒருபடி மேலே சென்று மையையே விலக்கிவிட்டார். அஞ்சல் துறை அலுவலர் ஆதலின் அவர் ஓயாது இரயிலில் பயணம் செய்ய வேண்டியிருந்தது. முதலில் மற்றவர்களைப் போல அவரும் பயண நேரத்தில் படித்துப் பார்த்தார். பிறகு, எழுதியே பிழைக்க வேண்டுமாயின் அந்நேரத்தை வேறு வகையில் பயன்படுத்த வேண்டும் என்று கண்டு, மடியில் வைத்து எழுத ஒரு சிறு பலகையைச் செய்துகொண்டார். பென்சிலால் எழுதினார். சில நாள் பழக்கத்தில், ஓடும் வண்டியிலும் மேசையில் எழுதும் வேகமே கைகூடியது என்கிறார். அவர் எழுதியதை மனைவியார் பின்னர்ப் பார்த்தெழுதிச் செவ்விய படி ஆக்கினார். 1857இல் வெளிவந்த 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலின் பெரும்பகுதி இவ்வாறு உருவானதே. எதிரில் நான்கைந்து பயணிகள் அமர்ந்திருக்க, தாம் பெரிய எழுத்தாளர் என்று காட்டிக்கொள்வது போலத் தோன்றுமே என்னும் கூச்சம் ஒன்றே அவரைத் தொல்லைப்படுத்தியது. அதுவும் நாளடைவில் பழகிப்போயிற்று. கருவியினும் இந்தக் கூச்சமே நம் மாணவர்க்குப் பெரிய தடை என்பது எம் கருத்து.

இனி, வெளியில் எழுதுவதன் ஆபத்தைக் கூறவேண்டும். ஜேன் ஆஸ்டினிடம் ஓர் எழுத்துப் பெட்டி இருந்தது; திறந்தால் சாய்வான எழுதுபலகையாக விரியும்; உள்ளே தாளும் மையும் வைக்க அறைகள் உண்டு. 1798 அக்டோபரில் டார்ட்போர்டு என்னும் ஊரின் விடுதியில் தங்கியபோது அவருடைய எழுத்துப் பெட்டி தவறுதலாக வேறொரு வண்டியில் ஏற்றப்பட்டுவிட்டது. அவ்வண்டியோ மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லும் பொருட்டுத் துறைமுகம் நோக்கிப் புறப்பட்டுவிட்டது. குதிரைமேல் ஆள் விரைந்து இரண்டு மூன்று கல் தொலைவில் மடக்கி அதனை மீட்டு வந்தார். தம் உலகச் செல்வமாகிய 7 பவுன் அதனுள் இருந்தது என்று அவர் வேடிக்கையாக எழுதினார். அவருடைய எழுதுபெட்டி ஒன்று 1999 முதல் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

டி.ஈ. லாரன்சுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. அரபு நாட்டுப் போர் பற்றிய நூலின் முதல் வரைவை 1919ஆம் ஆண்டின் இறுதியில் ரெடிங் இரயில் நிலையத்தில் வண்டி மாறும்போது இழந்தார். போர்க்காலக் குறிப்புகளில் பெரும்பகுதியை முன்னரே அழித்திருந்ததால் நினைவிலிருந்தே மீண்டும் எழுத நேர்ந்தது. 1922 டிசம்பரில் எர்னஸ்ட் ஹெமிங்வேயின் மனைவி, லொசான் நகரிலிருந்த கணவருக்குக் காட்டவென்று அவருடைய கையெழுத்துப் படிகளைப் பெட்டியில் அடுக்கிப் பாரிஸ் நகரின் லியோன் இரயில் நிலையத்துக்குச் சென்றார். பெட்டி களவு போயிற்று. அவர் அன்பு மிகுதியால் கார்பன் படிகளையும் அதே பெட்டியில் வைத்திருந்தார்! தப்பியவை சிலவே: இதழுக்கு அனுப்பப்பட்டிருந்த ஒரு கதையும், இழுப்பறையில் ஒதுங்கிக் கிடந்த மற்றொரு கதையும். வேறிடத்தில் இருந்தமையால் மட்டுமே அவை பிழைத்தன. இரண்டு படிகளும் ஒரே பையில் பயணம் செய்யுமாயின் அவை இரண்டல்ல, ஒன்றே.

பொறிகளின் வரலாற்றை விரித்தால் இடம் போதாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுக்கு விசைப்பலகை வகுத்ததும், 1950இல் இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனம் 'லெட்டெரா 22' என்னும் கைப்பெட்டித் தட்டச்சை வெளியிட்டதும் குறிப்பிடத்தக்கவை. நாம் சற்று நின்று காணவேண்டியது 1983இல் அமெரிக்காவில் ரேடியோ ஷாக் விற்ற 'மாடல் 100' என்னும் மடிக்கணிப்பொறியே. ஜப்பானின் கியோசெரா இதனை உருவாக்கியது. திரையில் 8 வரிகள். வரிக்கு 40 எழுத்துகள். கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரி நான்கு இட்டால் ஏறக்குறைய 20 மணி நேரம் உழைக்கும். எழுதியதைத் தொலைபேசிக் கம்பி வழியாக அலுவலகத்துக்கு அனுப்பலாம் ஆதலின் செய்தியாளர்கள் இதனைப் பெரிதும் விரும்பினர். பின்னர் 2004இல் வந்த 'ஆல்பாஸ்மார்ட் நியோ' மூன்றே பேட்டரியில் 700 மணி நேரம் இயங்கும் என்று அதன் நிறுவனம் கூறியது. எழுதுவதைத் தவிர அதில் செய்வதற்கு அனேகமாக ஒன்றுமில்லை. 2013இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் எழுத்தாளர் பலர் பழைய பொறிகளைத் தேடி வாங்குகின்றனர். ஏன்? சில வரிகளே தெரியும் திரையில், முன்பு எழுதியதைத் திரும்பத் திரும்பத் திருத்தும் ஆசை எழுவதில்லை. கரிய படி கரிய படியாகவே முன்னேறுகிறது.

தமிழில் எழுதுவோர்க்கு இவ்வகைத் தனிப்பொறிகள் கைகொடுப்பதில்லை. ஆனால் நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி போதும். அதனுடன் கம்பியின்றி இணையும் மடக்கு விசைப்பலகை ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் மடக்கெழுத்தாணியின் பேரன் கிடைத்துவிட்டான் எனலாம். விசைப்பலகைகளில் தமிழ்99 முறையைப் பழகுவது நன்று. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட இம்முறையில், உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. 'பக்கம்' என எழுதுகையில் ககரத்தை இருமுறை தட்டினால் முதற் ககரத்திற்குப் புள்ளி தானே விழும். ஆங்கில எழுத்தை இட்டுத் தமிழாக்கும் முறையைவிட விரலுக்கும் மனத்துக்கும் இதில் உழைப்புக் குறைவு.

மடக்கு விசைப்பலகை மடியில் நில்லாது வளையும். அதற்குத் தேர்வு எழுதும் அட்டையே மருந்து. டிரோலப்பின் பலகை நம்மூர்க் கடைகளில் அந்த வடிவில்தான் கிடைக்கிறது. எழுதும் நேரத்தில் கைப்பேசியின் இணையத் தொடர்பைத் துண்டித்து வைக்க வேண்டும். இல்லையேல் அது எழுதுகருவியாக இராது. வாயால் சொல்லித் தமிழில் எழுதச் செய்யும் வசதியைக் கூகுள் 2017இல் தந்தது. நடந்துகொண்டே நம் எண்ணங்களைச் சொல்லி வைக்க அது உதவும். முதியவரின் பேச்சை அதனிடம் ஒப்படைக்கலாகாது. அவர் சொன்ன வட்டாரச் சொல்லை விட்டுத் தனக்குத் தெரிந்த வேறொரு சொல்லை அது எழுதிவிடக்கூடும். நாம் தேடிச் சென்றதோ அந்த வட்டாரச் சொல்லை.

எதிரில் அமர்ந்து ஒருவர் பேசும்போது மட்டும் பொறியை எடுக்க வேண்டா என்பதே எம் அனுபவம். விசை தட்டும் ஓசையும் திரையின் ஒளியும் பேசுவோரைத் தயங்கச் செய்கின்றன. பென்சிலும் சிறு குறிப்பேடும் கண்டு எவரும் மிரள்வதில்லை. பென்சில் எழுத்து மழையிலும் வியர்வையிலும் கரையாது. குறிப்பேட்டின் வலப்பக்கத்தில் மட்டும் எழுதி இடப்பக்கத்தை வெறுமையாக விடுக. புரியாத சொல்லைக் கேட்டால் பேச்சை மறிக்காமல், காதில் விழுந்தவாறே எழுதி வட்டமிடுக.

அன்று மாலையே, தேநீர்க் கடையின் விசுப்பலகையாயினும் சரி, குறிப்பேட்டைப் பார்த்துக் கைப்பேசியில் வரைவாக எழுதிவிட வேண்டும். முடிந்ததும் இணையத்தை இணைத்து அவ்வரைவை நம் மின்னஞ்சலுக்கு ஒன்றும் நண்பருக்கு ஒன்றுமாக அனுப்பிவிட்டால், பை தொலைந்தாலும் படி தொலையாது. எழுதும்போது வட்டமிட்ட சொற்களை ஒரு தனித்தாளில் பெயர்த்துக்கொள்க. ஊர் திரும்பும் பேருந்து காலையில்தான். அதற்கு முன் அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணைக்கு மீண்டும் ஒருமுறை சென்று, ஒவ்வொன்றாகக் கேட்டு, வெறுமையாய் விட்ட இடப்பக்கத்தில் பொருளை எழுதிக்கொள்ளலாம்.