மூளைக்கு ஜிம்மா? நியூரோஃபீட்பேக் பயிற்சி எப்படி வேலை செய்கிறது, பணம் கட்டும் முன் என்ன தெரிஞ்சுக்கணும்?

தலையில் மெல்லிய பட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு ஒருவர் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். திரையில் ஒரு கார் ஓடுகிறது. கையில் ரிமோட் இல்லை, கால் அசையவில்லை. அவர் மனசு ஒருநிலைப்பட்டால் கார் வேகமெடுக்கிறது. கவனம் சிதறினால் நின்றுவிடுகிறது. கீழே ஓடும் வரிகள்: ஃபோகஸ் கூடும், டென்ஷன் குறையும், தூக்கம் வரும், மாத்திரையே வேண்டாம்.

ரீல்ஸ் தள்ளும்போது இந்த மாதிரி விளம்பரங்கள் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். இந்தப் பயிற்சிக்குப் பெயர் நியூரோஃபீட்பேக். அறுபது ஆண்டுகளுக்கும் மேலான ஆய்வு வரலாறு இதற்கு உண்டு. எலைட் விளையாட்டு வீரர்கள் முதல் இசைக் கல்லூரி மாணவர்கள் வரை முயன்று பார்த்திருக்கிறார்கள். ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இது வேலை செய்கிறதா? ஆய்வுகள் தரும் பதில் கொஞ்சம் சிக்கலானது.

மூளையில் ஓடும் கரன்ட்

மூளையில் உள்ள நரம்பு செல்கள் மின்சாரம் மூலமாகத்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன. ஆயிரக்கணக்கான செல்கள் ஒரே தாளத்தில் இயங்கும்போது அந்த அதிர்வு மண்டை ஓட்டைத் தாண்டி வெளியே கசிகிறது. தலையின் தோல்மேல் சென்சார் வைத்து அதைப் பதிவு செய்வதுதான் இஇஜி.

ஜெர்மனியின் ஜெனா நகரில் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் முதன்முதலாக மனித மூளையின் இஇஜியைப் பதிவு செய்தார். 1929-ல்தான் அதை வெளியிட்டார். இன்றைக்கு வலிப்பு நோயைக் கண்டறிய நியூராலஜி டாக்டர்கள் எழுதித் தரும் அதே டெஸ்ட்தான் இது.

இந்த அலைகளை வேகத்தைப் பொறுத்துப் பிரிக்கிறார்கள். ஒரு நொடிக்கு எத்தனை முறை அலை எழுகிறது என்பதே ஹெர்ட்ஸ் கணக்கு.

- டெல்டா (4 ஹெர்ட்ஸுக்குக் கீழ்): ஆழ்ந்த தூக்கத்தில் அதிகம்
- தீட்டா (4 முதல் 8): தூக்கம் சொக்கும் நேரம், பகல் கனவு
- ஆல்ஃபா (8 முதல் 12): கண்ணை மூடி ரிலாக்ஸாக இருக்கும்போது
- பீட்டா (13 முதல் 30): விழிப்பு, யோசனை, வேலை

இது தோராயமான கணக்குதான். ஆல்ஃபா என்றால் அமைதி, பீட்டா என்றால் டென்ஷன் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. எல்லா அலைகளும் எல்லா நேரமும் கலந்தேதான் இருக்கும். எது தூக்கலாக இருக்கிறது என்பதுதான் மாறும்.

இன்னொரு விஷயம்: இந்த சிக்னல் மிக மிகச் சின்னது. சில பத்து மைக்ரோவோல்ட் அளவுதான். ஒரு பென்சில் பேட்டரியின் 1.5 வோல்ட்டோடு ஒப்பிட்டால் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே நின்று கூட்டத்தின் சத்தத்தைக் கேட்பது போலத்தான். சிக்ஸரா, விக்கெட்டா என்று ஊகிக்கலாம். ஆனால் எந்த வரிசையில் யார் என்ன பேசினார் என்று கேட்காது.

ட்யூனர் ஆப் மாதிரி

பாட்டு கற்றுக்கொள்ளும் சிலர் போனில் ட்யூனர் ஆப் வைத்துப் பாடுவார்கள். சுருதி விலகினால் முள் நகரும். அதைப் பார்த்துக் குரலைத் திருத்திக்கொள்வார்கள். நாளடைவில் ஆப் இல்லாமலேயே சுருதி பிடிபடும். நியூரோஃபீட்பேக்கின் அடிப்படை எண்ணமும் இதுதான். நமக்குத் தெரியாமல் நடக்கும் மூளையின் செயல்பாட்டை உடனுக்குடன் கண்ணுக்குக் காட்டினால், அதை மாற்றவும் நாம் பழகிக்கொள்ளலாம்.

1950-களின் கடைசியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர் ஜோ காமியா இதைச் சோதித்தார். மணி அடிக்கும்போது தன் மூளையில் ஆல்ஃபா ஓடுகிறதா இல்லையா என்று அந்த நபர் ஊகித்துச் சொல்ல வேண்டும். சரியா தவறா என்று உடனே சொல்லிவிடுவார்கள். சில நாட்களிலேயே பலர் சரியாகச் சொல்லத் தொடங்கினார்கள்.

பூனைகள் தந்த திருப்பம்

பெரிய திருப்பம் வந்தது கலிஃபோர்னியாவில். 1960-களில் பேரி ஸ்டெர்மன் என்ற ஆய்வாளர் பூனைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். பூனையின் மூளையில் உடலசைவு தொடர்பான பகுதியில் 12 முதல் 15 ஹெர்ட்ஸ் அலை எழும்போதெல்லாம் பரிசாக உணவு கிடைக்கும். அந்த அலை எழ வேண்டுமென்றால் பூனை அசையாமல், ஆனால் விழிப்போடு இருக்க வேண்டும். பூனைகள் கற்றுக்கொண்டன.

பிறகு அமெரிக்க விமானப்படைக்காக வேறு ஒரு வேலை வந்தது. ராக்கெட் எரிபொருளில் பயன்படும் ஒரு ஹைட்ரஸீன் வகை ரசாயனம் வலிப்பை உண்டாக்கும். அதன் விளைவைப் பூனைகளில் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் சில, ஏற்கெனவே பயிற்சி பெற்ற பூனைகள். மற்றவற்றுக்கு வலிப்பு வந்த அளவு இவற்றுக்குச் சீக்கிரம் வரவில்லை.

அதைத் தொடர்ந்து, வலிப்பு நோய் இருந்த 23 வயதுப் பெண்ணுக்கு அதே பயிற்சி கொடுத்து, வலிப்பு குறைந்ததாக 1972-ல் ஸ்டெர்மன் எழுதினார். 1976-ல் ஜோயல் லூபர், துறுதுறுவென்று ஓர் இடத்தில் உட்கார முடியாத குழந்தையிடம் இதைப் பயன்படுத்தினார். இன்றைக்கு நியூரோஃபீட்பேக் சென்டர்களுக்கு வருபவர்களில் பெரும்பங்கு ஏடிஹெச்டி குழந்தைகள் என்பதற்கு விதை அங்கேதான் விழுந்தது.

ஒரு செஷனில் என்ன நடக்கும்?

முதலில் மண்டையில் குறிப்பிட்ட இடங்களில் பசை தடவி சென்சார் ஒட்டுவார்கள், காதில் க்ளிப் மாட்டுவார்கள். சில இடங்களில் முதல் நாளே கலர் கலராக ‘பிரெயின் மேப்’ எடுத்துக் கொடுப்பார்கள். பிறகு திரையில் வீடியோவோ கேமோ ஓடும். கம்ப்யூட்டர் குறி வைத்திருக்கும் அலை கூடினால் படம் பளிச்சென்று தெரியும், இசை வரும். குறைந்தால் மங்கும். மின்சாரம் எதுவும் மூளைக்குள் செலுத்தப்படுவதில்லை. வெளியே வருவதைப் படிப்பது மட்டும்தான்.

ஒரு செஷன் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மொத்தம் 20 முதல் 40 செஷன் என்று பேக்கேஜாகச் சொல்வார்கள். பர்ஸ் காலியாவது இங்கேதான்.

நடைமுறையில் ஒரு சிக்கலும் உண்டு. கண் சிமிட்டினால், பல்லைக் கடித்தால், புருவத்தைச் சுருக்கினால் எழும் தசை சிக்னல் மூளை சிக்னலைவிடப் பல மடங்கு பெரியது. சென்சார் சரியாக ஒட்டவில்லை, வடிகட்டல் சரியில்லை என்றால், காரை ஓட்டுவது மூளை அல்ல, தாடைத் தசை!

டம்மி மெஷின் சொன்ன உண்மை

ஒரு சிகிச்சை வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாத்திரை என்றால் ஒரு கூட்டத்துக்கு நிஜ மாத்திரை, இன்னொரு கூட்டத்துக்கு அதே மாதிரி தெரியும் சர்க்கரை மாத்திரை. இங்கே டம்மி மெஷின். சென்சார், திரை, கேம் எல்லாம் ஒன்றே. ஆனால் காரை நகர்த்துவது அந்த நபரின் மூளை அலை அல்ல, முன்பே பதிவு செய்த வேறு ஒரு இஇஜி.

அமெரிக்காவின் ஒஹாயோ, வட கரோலினா மாகாணங்களில் இப்படி ஒரு பெரிய சோதனை நடந்தது. 7 முதல் 10 வயதுக்குட்பட்ட ஏடிஹெச்டி குழந்தைகள் 144 பேர். ஒவ்வொருவருக்கும் 38 செஷன் வரை. யாருக்கு நிஜம், யாருக்கு டம்மி என்பது குழந்தைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, பயிற்சி கொடுப்பவருக்கும் தெரியாது.

2021-ல் முடிவு வெளியானது. நிஜப் பயிற்சி பெற்ற குழந்தைகளின் கவனம் நன்றாகவே முன்னேறியிருந்தது. பெற்றோரும் ஆசிரியர்களும் அதைச் சொன்னார்கள். டம்மி பயிற்சி பெற்ற குழந்தைகளும் ஏறக்குறைய அதே அளவு முன்னேறியிருந்தார்கள்! 13 மாதம் கழித்துப் பார்த்தபோதும் கவனத்தில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நிஜப் பயிற்சி பெற்றவர்களுக்கு மருந்துத் தேவை மட்டும் சற்றுக் குறைவாக இருந்தது.

பெரியவர்களிடமும் இதே கதைதான். ஏடிஹெச்டி உள்ளவர்களிடம் ஜெர்மனியில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில் நிஜ நியூரோஃபீட்பேக், டம்மி, குழு உளவியல் சிகிச்சை என மூன்று அணிகளும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறின. அதே ஆண்டு ஆஸ்திரியாவிலிருந்து வந்த தூக்கமின்மை ஆய்வில், நிஜத்துக்கும் டம்மிக்கும் ஒரே மாதிரி ‘நல்லாத் தூங்குறேன்’ என்றார்கள். ஆனால் தூக்கத்தை அளந்த கருவியில் பெரிய மாற்றம் தெரியவில்லை.

2024 டிசம்பரில் ஜாமா சைக்கியாட்ரி இதழ் 38 சோதனைகளை, சுமார் 2,470 பேரின் தரவை, ஒன்றாகச் சேர்த்து அலசியது. ஏடிஹெச்டி அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க பலன் ஒட்டுமொத்தமாக இல்லை என்பதே முடிவு. நன்கு நிறுவப்பட்ட பயிற்சி முறைகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது ஒரு சிறிய பலன் தெரிந்தது, அவ்வளவுதான்.

அப்போ ‘எனக்குப் பலன் கிடைச்சுது’ன்னு சொல்றவங்க பொய் சொல்றாங்களா?

இல்லை. முன்னேற்றம் உண்மைதான். அதற்குக் காரணம் எது என்பதில்தான் விவாதம்.

யோசித்துப் பாருங்கள். வாரம் மூன்று நாள், போனை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே இடத்தில் அசையாமல் அரை மணி நேரம் உட்காருகிறோம். ஒருவர் நம்மைக் கவனித்து, ‘நல்லா பண்றீங்க’ என்கிறார். நமக்கு ஏதோ பிரச்சினை இருக்கிறது, அதற்கு வழியும் இருக்கிறது என்ற நம்பிக்கை பிறக்கிறது. இவை எல்லாம் சேர்ந்தே மனதை மாற்றும். டம்மி மெஷினிலும் இவை அத்தனையும் இருந்தன.

கதவு முழுவதும் மூடிவிடவில்லை. லண்டன் ராயல் மியூசிக் கல்லூரி மாணவர்களின் வாசிப்புத் தரம் இப்பயிற்சியால் மேம்பட்டதாக 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸில் தலைக்காயம் அடைந்தவர்களின் மறுவாழ்வில் இதைப் பயன்படுத்தி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துப் பயன்படுத்தும் ஒரு புதிய கருவிக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2023-ல் அனுமதி தந்தது. அதே எஃப்டிஏ விதிகளில் பயோஃபீட்பேக் கருவிகளுக்கான பொதுவான பயன்பாடு என்ன தெரியுமா? ரிலாக்ஸ் ஆகும் பயிற்சி, தசைப் பயிற்சி. ‘எஃப்டிஏ அங்கீகாரம்’ என்று விளம்பரத்தில் பார்த்தால், எதற்கான அங்கீகாரம் என்று கேட்பது நல்லது.

வீட்டில் மாட்டும் ஹெட்பேண்ட்

கனடாவின் மியூஸ் போன்ற ஹெட்பேண்டுகள் போன் ஆப்போடு சேர்ந்து தியானத்துக்குத் துணையாக விற்கப்படுகின்றன. மனசு அலைந்தால் புயல் சத்தம், அமைதியானால் பறவைச் சத்தம். மருத்துவமனை இஇஜியில் இருபதுக்கும் மேற்பட்ட சென்சார்கள் இருக்கும், இவற்றில் நாலைந்துதான். தினமும் பத்து நிமிடம் உட்கார வைக்கும் ஒரு தூண்டுதலாக வைத்துக்கொண்டால் தப்பில்லை. நோயைக் கண்டறியவோ குணப்படுத்தவோ இது போதாது.

இன்னொரு கேள்வி: அந்த மூளைத் தரவு எங்கே போகிறது? சிலி நாடு 2021-ல் அரசியலமைப்பையே திருத்தி மூளைச் செயல்பாட்டுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. 2023-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒருவரின் மூளைத் தரவை அழிக்கும்படி ஒரு ஹெட்செட் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அமெரிக்காவில் கொலராடோவும் கலிஃபோர்னியாவும் 2024-ல் சட்டம் கொண்டுவந்தன. இந்தியாவின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மூளைத் தரவுக்கெனத் தனிப் பிரிவு கிடையாது. ‘அக்ரீ’ பட்டனைத் தட்டும் முன் ஒரு முறை படித்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

- பயிற்சி கொடுப்பவர் யார்? மனநல மருத்துவரோ, பதிவு பெற்ற க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டோ மேற்பார்வையில் இருக்கிறாரா?
- எந்தப் பிரச்சினைக்கு, எந்த அலையைக் குறிவைத்துப் பயிற்சி? முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பார்கள்? கலர் மேப் மட்டும் காட்டினால் போதாது.
- 40 செஷனுக்கும் மொத்தமாக முன்பணம் கேட்கிறார்களா? பத்து செஷனில் மாற்றம் இல்லை என்றால் நிறுத்த முடியுமா?
- ஆட்டிசம், டிப்ரஷன், ஞாபக மறதி, மார்க் குறைவு என எல்லாவற்றுக்கும் இதுவே தீர்வு என்கிறார்களா? அப்படியென்றால் உஷார்.
- மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா? எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

நியூரோஃபீட்பேக்கின் நேரடிப் பக்கவிளைவுகள் பெரும்பாலும் லேசானவை: தலைவலி, அசதி. பெரிய இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. தூக்கமின்மைக்கு சிபிடி என்ற உளவியல் சிகிச்சை, ஏடிஹெச்டிக்கு மருந்தும் பெற்றோர் பயிற்சியும் என்று பலன் நிரூபிக்கப்பட்ட வழிகள் இருக்கின்றன. அவற்றைத் தள்ளிப்போட்டுவிட்டு ஆறு மாதம் திரையில் கார் ஓட்டினால், அந்த ஆறு மாதம் குழந்தையின் ஒரு பாதிக் கல்வியாண்டு.

ரிலாக்ஸ் ஆக ஒரு பயிற்சி வேண்டும், கையில் பணமும் நேரமும் இருக்கிறது என்றால் முயன்று பார்ப்பது உங்கள் விருப்பம். நிஜமாகவே தூக்கம் கெடுகிறது, மனசு கனக்கிறது, வேலை பார்க்க முடியவில்லை என்றால் முதல் படி ஹெட்பேண்ட் அல்ல, டாக்டர். யாரிடம் போவது என்று தெரியவில்லையா? மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு எந்நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.