வைக்கோல் சூடாவது ஏன்?

மழையில் நனைந்த வைக்கோலைக் காயவிடாமல் படப்புப் போட்டால், இரண்டு மூன்று நாட்களில் உள்ளே புழுங்கிவிடும். கையை நுழைத்துப் பார்த்தால் சுடும். சங்கரன்கோவில் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிந்த சங்கதிதான். நாம் வேண்டாம் என்று ஒதுக்கும் இந்தச் சூட்டைக் குளிர் நாடுகளில் சிலர் வலிய உண்டாக்கித் தோட்டம் போடுகிறார்கள்!

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வசந்தம் பிறந்த பிறகும் மண் பல வாரங்கள் சில்லிட்டே கிடக்கும். விதை முளைக்காது. அங்கே ஜோயல் கார்ஸ்டன் என்பவர் வைக்கோல் கட்டையே பாத்தியாகக் கொள்ளும் முறையைப் பரப்பினார். 2013-இல் அதுபற்றி நூலும் வெளியிட்டார். நடவுக்கு இரண்டு வாரங்களுக்கு முன் கட்டுகளை வரிசையாக வைத்து, தழைச்சத்து உரம் தூவி, நன்றாக நனைக்கிறார்கள். சில நாட்களில் கட்டின் உள்வெப்பநிலை 50 டிகிரி செல்சியசையும் எட்டக்கூடும்.

அடுப்பு எங்கே இருக்கிறது? பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும்தான் அடுப்பு. வைக்கோலின் கரிமப் பொருளை அவை ஆக்சிஜனுடன் சேர்த்துச் 'செரிக்கும்'போது வெப்பம் வெளிப்படுகிறது. ஆனால் நெல் வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குக் கரி ஏறக்குறைய 80 பங்கு உண்டு. நுண்ணுயிர்கள் விரும்புவது 30 பங்கு அளவே. யூரியாவோ எருவோ சேர்ப்பது இந்தக் குறையைப் போக்கத்தான்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 15 கிலோ கட்டு ஒன்று 45 லிட்டர் நீரை உறிஞ்சியிருக்கிறது. அந்நீரின் வெப்பநிலையை 30 டிகிரி உயர்த்த 45 × 30 = 1350 கிலோகலோரி வேண்டும். ஒரு கிலோ வைக்கோல் முழுதும் எரிந்தால் சுமார் 3500 கிலோகலோரி கிடைக்கும். மெல்ல மக்கினாலும் மொத்த வெப்பம் அதுவே! ஆகவே 400 கிராம் வைக்கோல் மக்கினாலே போதும். காற்றுக்குப் போகும் இழப்பால் உண்மையில் கூடுதலாகச் செலவாகும்.

எளிதில் செரிக்கும் பொருள் தீர்ந்ததும் சூடு தணிகிறது. அதுவரை நாற்று நடக்கூடாது, வேர் வெந்துபோகும். தணிந்த பின்னும் கட்டு தரையைவிட இளஞ்சூடாகவே இருக்கும். தக்காளிக்கு அது போதும்.

நம் ஊர் வெயிலுக்கு இந்தச் சூடு தேவையில்லை. இங்கே கட்டுத் தோட்டம் போட்டால் தண்ணீர் ஊற்றி மாளாது என்பதே என் கருத்து. ஆனால் சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு சாக்குகளில் நனைத்த வைக்கோலைத் திணியுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு கை சாணக் கரைசல் தெளியுங்கள். வெப்பம் வெளியேறாதபடி இரண்டையும் உலர்ந்த வைக்கோலால் மூடுங்கள். காலைதோறும் ஒரே நேரத்தில் வெப்பமானியைச் செருகிக் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 டிகிரிக்கு மேல் காட்டாது. பள்ளி ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள். சோதனையை வீட்டுப் படப்புக்கு அருகில் வைக்காதீர்கள். பெரிய ஈரப் படப்பில் சூடு 70 டிகிரியைத் தாண்டினால் நுண்ணுயிர்கள் மடிந்தாலும் வேதிவினை தொடர்ந்து, தானே தீப்பற்றுவதும் உண்டு.