விபத்தில் காயமுற்றோர்க்கு நஷ்ட ஈடு

சேலம், நாமக்கல் சாலைகளில் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. வயலுக்குச் செல்லும் உழவர் மீது லாரி மோதிக் காயம் நேர்ந்தால், ‘ஏழைக்கு வழக்கு எதற்கு?’ என்று ஒதுங்கிவிடலாகாது. உடனே போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் பிரதியைப் பெறவேண்டும்; ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்த வேண்டும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, தாம் வசிக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே நஷ்ட ஈடு கோரி மனுச் செய்யலாம். 2022-இல் அமலுக்கு வந்த திருத்தம் இதற்கு ஆறு மாதத் தவணை குறித்துள்ளது. ஆகவே தாமதம் கூடாது.

மோதிய லாரி இன்னதென்று தெரியாவிடினும் வழியுண்டு. விபத்து நடந்த இடத்தின் வருவாய்த்துறை விசாரணை அலுவலரிடம் விண்ணப்பித்தால், கொடுங்காயத்திற்கு ரூ. 50,000, உயிரிழப்பிற்கு ரூ. 2 லட்சம் கிடைக்கும்.

பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் இச்செய்தியைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக.