கடையில் அரக்கு கலர்... வீட்டுக்கு வந்தா வேற கலர்! ஜவுளிக்கடை லைட்டுகளில் நடப்பது என்ன?

முகூர்த்தப் புடவை எடுக்க குடும்பமே கிளம்பி கடைக்குப் போகிறது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து, அலமாரியில் இருக்கும் பாதிப் புடவைகளை விரித்துப் பார்த்து, கடைசியில் ஒரு அரக்கு கலர் பட்டு எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. பில் போட்டாச்சு, கட்டைப் பையும் கைக்கு வந்தாச்சு.

வீட்டுக்கு வந்து ஹால் டியூப்லைட்டில் பிரித்துப் பார்த்தால் கல்யாணப் பொண்ணின் முகம் மாறுகிறது. "அம்மா, இது நாம எடுத்த புடவைதானா?" கடையில் தகதகவென இருந்த அரக்கு, இங்கே மங்கலாக, கொஞ்சம் பிரவுன் அடித்த மாதிரி தெரிகிறது.

புடவையை யாரும் மாற்றி வைக்கவில்லை. சாயமும் போகவில்லை. மாறியது வெளிச்சம் மட்டும்தான். அது எப்படி ஒரு புடவையின் கலரையே மாற்றும்? விரிவாகப் பார்க்கலாம்.

கலர் துணியில் மட்டும் இல்லை

ஒரு துணி சிவப்பாகத் தெரிகிறது என்றால், அதன் மேல் விழும் வெளிச்சத்தில் உள்ள சிவப்பை அது நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது என்று அர்த்தம். மற்ற நிறங்களைப் பெரும்பாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படியென்றால், விழுகிற வெளிச்சத்திலேயே சிவப்பு குறைவாக இருந்தால்? திருப்பி அனுப்ப துணியிடம் ஒன்றும் இருக்காது. எவ்வளவு நல்ல சாயமாக இருந்தாலும் மங்கலாகத்தான் தெரியும்.

சூரிய வெளிச்சத்தில் வானவில்லின் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. பழைய குண்டு பல்பு, டியூப்லைட், எல்இடி ஒவ்வொன்றிலும் இந்தக் கலவை வேறு வேறு. அதனால்தான் ஒரே புடவை மூன்று இடத்தில் மூன்று மாதிரி தெரிகிறது.

இன்று கடைகளில் எங்கு பார்த்தாலும் எல்இடிதான். வெள்ளை எல்இடியை சாத்தியமாக்கியது நீல எல்இடி கண்டுபிடிப்பு. அதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா ஆகிய மூவருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீல எல்இடி மேல் மஞ்சள் நிற பாஸ்பர் பூச்சு பூசினால், இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். ஆனால், மலிவான எல்இடிகளில் இந்த வெள்ளைக்குள் அடர் சிவப்பு ரொம்பக் குறைவு. அரக்கும் குங்குமச் சிவப்பும் மங்குவது இங்கேதான்.

மஞ்சள் லைட்டா, வெள்ளை லைட்டா?

பல்பு அட்டையில் 2700, 3000, 4000, 6500 என்று ஏதாவது ஒரு எண் போட்டு, பக்கத்தில் கெல்வின் என்று இருக்கும். எண் குறைவாக இருந்தால் வெளிச்சம் மஞ்சளாக இருக்கும். எண் கூடக் கூட வெள்ளையாகி, பிறகு லேசாக நீலம் தட்டும்.

2700 முதல் 3000 கெல்வின் வரை 'வார்ம் ஒயிட்'. குண்டு பல்பு மாதிரி இளமஞ்சள். 4000 கெல்வின் நடுத்தரம். நம் வீடுகளில் அதிகம் இருக்கும் 'கூல் டேலைட்' 6500 கெல்வின்.

பட்டுப் புடவை செக்‌ஷனில் மஞ்சள் சாயல் லைட்டை அதிகம் பார்க்கலாம். ஜரிகை ஜொலிக்கும், மாம்பழ மஞ்சளும் சிவப்பும் கண்ணை இழுக்கும். அதே லைட்டில் நீலக் குடும்பம் அடிவாங்கும். கருநீலத்தைக் கருப்பு என்று நினைத்து வாங்கிவிட்டு வருவது இப்படித்தான்.

அட்டையில் பார்க்க வேண்டிய இன்னொரு எண்

கெல்வின் என்பது லைட்டின் சாயலை மட்டும்தான் சொல்லும். கலரை அந்த லைட் எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்ற அளவு இருக்கிறது. அதிகபட்சம் 100. குண்டு பல்புக்குக் கிட்டத்தட்ட 100. பரவலாக விற்கும் எல்இடிகளுக்கு 80 ஒட்டி இருக்கும். ஜவுளி, நகை, அழகுசாதனப் பொருள் கடைகளுக்கு 90-க்கு மேல் இருப்பது நல்லது.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. வழக்கமான சிஆர்ஐ, 8 மென்மையான வண்ண மாதிரிகளின் சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை. அது 'ஆர்9' என்று தனியாகக் கணக்கிடப்படுகிறது. சிஆர்ஐ 80 உள்ள லைட்டிலும் ஆர்9 படுமோசமாக இருக்கலாம். நம் ஊர் கல்யாணப் புடவைகளில் சிவப்புக் குடும்பத்துக்கு இருக்கும் இடத்தை யோசித்தால், ஜவுளிக்கடை வைத்திருப்பவர்கள் லைட் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியே "ஆர்9 எவ்வளவு?" என்பதுதான்.

மேட்சிங் பிளவுஸ் ஏன் மேட்ச் ஆகவில்லை?

புடவையைக் கையோடு எடுத்துப்போய், மேட்சிங் சென்டரில் பத்து பிட்டை வைத்துப் பார்த்து, கச்சிதமாக ஒன்றை எடுத்து வருகிறோம். மண்டபத்து வாசலில் வெயிலில் நின்றால் பிளவுஸ் தனியாக, புடவை தனியாகத் தெரிகிறது. கண்ணில் கோளாறு இல்லை.

புடவை பட்டு, பிளவுஸ் பிட் காட்டன். இரண்டுக்கும் போட்ட சாயம் வேறு. வேறு வேறு சாயங்கள் ஒரு குறிப்பிட்ட வெளிச்சத்தில் மட்டும் ஒரே கலராகத் தெரிந்து, வெளிச்சம் மாறியதும் பிரிந்துவிடலாம். இதற்கு 'மெட்டாமெரிசம்' என்று பெயர்.

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு இது அன்றாடத் தலைவலி. பனியனின் உடம்புத் துணியும் கழுத்துப் பட்டையும் வேறு கலராகத் தெரிந்தால் வெளிநாட்டு வாடிக்கையாளர் சரக்கையே நிராகரிக்கலாம். அதனால் அங்கே 'கலர் மேட்சிங் கேபினட்' என்ற பெட்டிக்குள் துணியை வைத்து, ஒவ்வொரு லைட்டாக மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். பகல் வெளிச்சத்துக்கு டி65, ஐரோப்பியக் கடை லைட்டுக்கு டிஎல்84, குண்டு பல்புக்கு ஒன்று என எல்லாவற்றிலும் கலர் ஒத்துப்போனால்தான் ஓகே.

பனியனுக்கே இவ்வளவு சோதனை நடக்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் பட்டுப் புடவைக்கு நாம் ஒரே ஒரு லைட்டை நம்புகிறோம்.

நகைக்கடை, ட்ரையல் ரூம், ஹோட்டல்

நகைக்கடையில் கவனித்துப் பாருங்கள். தங்கம் இருக்கும் பக்கம் இளமஞ்சள் லைட்டும், வைரம், வெள்ளி இருக்கும் பக்கம் பளிச் வெள்ளையும் இருக்கும். வைரத்துக்கு மேல் சின்னச் சின்ன ஸ்பாட் லைட்டுகள் வைத்திருப்பார்கள். பரவலான வெளிச்சத்தைவிட ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சத்தில்தான் வைரம் அதிகமாக மின்னும்.

ட்ரையல் ரூமில் தலைக்கு நேர் மேலே ஒரே ஒரு லைட் இருந்தால், கண்ணுக்குக் கீழும் தாடைக்குக் கீழும் நிழல் விழும். போட்டிருப்பது நல்ல டிரஸ்ஸாக இருந்தாலும் ஆள் சோர்ந்துபோய்த் தெரிவார். கண்ணாடியின் இரண்டு பக்கமும் லைட் இருந்தால் இந்தப் பிரச்னை இல்லை.

உணவகங்களில் சாப்பிடும் இடத்துக்கு 2700 முதல் 3000 கெல்வின் இதமாக இருக்கும். சமையலறைக்கு அது சரிப்படாது. காய் அழுகியிருக்கிறதா, எண்ணெய் கறுத்துவிட்டதா என்பது தெரிய பளிச்சென்ற லைட் வேண்டும். அதோடு, லைட் உடைந்து கண்ணாடித் துண்டு உணவில் விழாத வகையில் அமைப்பு இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே உள்ளது. சமையலறையில் மூடியில்லாத டியூப்லைட் தொங்கினால் உஷாராக வேண்டும்.

கரண்ட் பில் கணக்கு

ஒரு கடையில் 40 பழைய ஹாலோஜன் ஸ்பாட் லைட்டுகள், ஒவ்வொன்றும் 50 வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,000 வாட். தினமும் 10 மணி நேரம் எரிந்தால் 20 யூனிட். அதே இடத்தில் 7 வாட் எல்இடி போட்டால் மொத்தம் 280 வாட், நாளுக்கு 2.8 யூனிட்.

ஒரு நாளைக்கு மிச்சம் 17.2 யூனிட். 30 நாளுக்கு 516 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தாலும் மாதம் 5,160 ரூபாய் மிச்சம்.

இது பாதிக் கணக்குதான். லைட் இழுக்கும் கரண்ட் எல்லாம் கடைசியில் கடைக்குள் சூடாகத்தான் மாறும். ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் சுமார் 3,500 வாட். அந்த 2,000 வாட் ஹாலோஜன் சூட்டை விரட்டவே ஒரு டன் ஏசியில் பாதிக்கு மேல் போய்விடும். லைட்டுக்கு ஒரு முறை, அந்த லைட்டின் சூட்டைத் தணிக்க இன்னொரு முறை எனக் கடைக்காரர் இரண்டு தடவை காசு கட்டுகிறார்.

போட்டால் மட்டும் போதுமா?

திறப்பு விழா அன்று ஜொலித்த கடை, மூன்று வருஷத்தில் டல் அடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பராமரிப்பு. கடை நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியவை இவை:

- எல்இடி சட்டென்று ஃபியூஸ் ஆகாமலே மெல்ல மங்கும். 25,000 மணி நேர ஆயுள் என்று அட்டையில் இருந்தால், பொதுவாக அதற்குள் வெளிச்சம் 70 சதவீதமாகக் குறையும் என்று பொருள். தினம் 10 மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட 7 வருஷம். தினமும் பார்ப்பதால் மங்குவது கண்ணுக்குத் தெரியாது.

- பல நேரம் முதலில் போவது எல்இடி சிப் இல்லை, அதற்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர். அதற்கு எதிரி சூடு. ஃபால்ஸ் சீலிங்குக்குள் காற்றோட்டம் இல்லாமல் அடைத்து வைத்தால் ஆயுள் குறையும்.

- வரிசையில் ஒன்று போனால், பக்கத்துக் கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டக் கூடாது. ஒரே 3000 கெல்வின் என்று போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி, தயாரிப்புக்குத் தயாரிப்பு சாயல் மாறும். முதலில் வாங்கும்போதே கூடுதலாகச் சில லைட்டுகளை எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

- தூசி படிந்தால் வெளிச்சம் குறையும். மெயினை ஆஃப் செய்துவிட்டு, உலர்ந்த துணியால் அவ்வப்போது துடைக்க வேண்டும்.

- துணிக் கட்டுகளையும் அட்டைப் பெட்டிகளையும் லைட்டை ஒட்டி அடுக்கக் கூடாது. லூஸ் கனெக்‌ஷன், கருகிய வாடை, அடிக்கடி மினுக்கும் லைட் ஆகியவற்றை அன்றைக்கே சரிபார்க்க வேண்டும். துணி நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும்.

- வெளியே மாட்டும் போர்டு லைட், தீபாவளி சீரியல் செட் எல்லாம் மழையில் நனையும். அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் இருக்கட்டும். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும், ஒரு உயிரைக் காப்பாற்றும்.

- கரண்ட் போனால் எரியும் எமர்ஜென்சி லைட்டும், வெளியேறும் வழி காட்டும் போர்டும் வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். தள்ளுபடி நாளில் மூன்றாவது மாடியில் இருட்டானால் கூட்டத்துக்கு வழிகாட்ட அதுதான் இருக்கும்.

- பழைய டியூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது. உடைத்துக் குப்பையில் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுக்க வேண்டும்.

வாங்கும் நாம் என்ன செய்யலாம்?

புடவையை பில் போடும் முன்பே, ஜன்னல் ஓரமோ வாசல் ஓரமோ கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்கக் கேளுங்கள். நேரடி வெயில் வேண்டாம், நிழலான பகல் வெளிச்சம் போதும். சாயங்கால வெயில் மஞ்சளாக இருக்கும் என்பதால், முக்கியமான புடவைக்குக் காலையிலோ மதியமோ கடைக்குப் போவது நல்லது.

இரண்டு லைட்டில் பாருங்கள். மஞ்சள் லைட் செக்‌ஷனில் எடுத்ததை, வெள்ளை லைட் இருக்கும் பில்லிங் கவுன்டர் பக்கம் வைத்துப் பாருங்கள். பிளவுஸ் பிட்டுக்கும் இதே ரூல்தான்.

வீடியோ காலில் அக்காவிடம் காட்டி கலர் ஓகே வாங்குவது பாதுகாப்பான வழி இல்லை. போன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப கலரைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். அங்கே தெரியும் கலர் வேறாக இருக்கலாம்.

மயில் கழுத்து கலர் மாதிரி இரட்டை ஷேடு பட்டில் பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர். அது எந்த லைட்டிலும் பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறத்தான் செய்யும். அதைக் குறை என்று நினைக்க வேண்டாம்.

கலர் மாறித் தெரிந்தால் திருப்பிக் கொடுக்க முடியுமா?

குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. சாயம் போவது, கிழிசல், கறை எல்லாம் குறைபாடு. "எங்க வீட்டு லைட்டுல வேற மாதிரி தெரியுது" என்பதை அப்படி நிரூபிப்பது கஷ்டம். எனவே எக்ஸ்சேஞ்ச் உண்டா, எத்தனை நாளுக்குள் என்பதை வாங்கும்போதே கேட்டு, பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைபாடுள்ள பொருளை மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

கடைக்காரர்களுக்கும் இதில் நஷ்டம்தான். பண்டிகைக் கூட்டத்தில் மாற்றிக் கேட்டு வரும் ஒவ்வொரு புடவையும் நேரம், சண்டை, போய்விடும் வாடிக்கையாளர். நல்ல லைட்டோடு, பகல் வெளிச்சம் போலவே இருக்கும் லைட் போட்ட ஒரு சின்ன மூலையும் கண்ணாடியும் வைத்துவிட்டால் பாதிப் பிரச்னை தீரும்.

அந்தக் காலத்துப் பாட்டிகள், "இரு, வாசல்ல வெச்சுப் பாத்துட்டு வரேன்" என்று புடவையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது கடைப் பையன்கள் சலித்துக்கொண்டிருக்கலாம். டி65 என்ற பெயர் பாட்டிக்குத் தெரியாது. ஆனால் அவர் செய்தது அதே டெஸ்ட்தான். அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது, நீங்களும் நாலு எட்டு நடந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டே பில் போடுங்கள்.